ஆற்றிலே போட்ட காசு

சாத்தாங்காட்டுக்கு நீங்கள் வந்திருக்க வாய்ப்பில்லை. இரும்பு வாங்குகிறவராக இருந்தாலொழிய வரவேண்டிய அவசியமும் கிடையாது. திருவொற்றியூரிலிருந்து மணலிக்குப் போகிற வழியில் இருக்கிறது. ஜார்ஜ் டவுன் சந்துகளில் கைவண்டியோடும் மனுஷர்களோடும் இடித்துக்கொண்டிருந்த இரும்புக் கடைகளை ஊருக்கு வெளியே விசாலமாக உட்காரவைக்கலாம் என்று சி.எம்.டி.ஏ. உண்டாக்கிய இரும்பு மார்க்கெட் இங்கேதான். பார்க்கவேண்டிய இடங்கள்: ஆங்கிள், சேனல், பிளேட், காயில், டி.எம்.டி. கம்பி. சித்திரை மாதத்து மதியம் இரண்டு மணிக்கு ஒரு காயில்மேல் தண்ணீர் தெளித்தால் 'சொய்ங்' என்று சத்தம் வரும். தோசையே வார்க்கலாம். மாவுதான் கிடைக்காது.

அங்கே ஒரு கடையில் நான் பில் போடுகிற ஆசாமி. கம்ப்யூட்டர் வந்தது, ஜி.எஸ்.டி. வந்தது, இ-வே பில் வந்தது. பில்லின் கடைசி இரண்டு வரிகள் மட்டும் மாறவே இல்லை. ஒன்று, லாரி வாடகை. இன்னொன்று, ஹால்டிங். ஹால்டிங் என்றால் லாரி ஓடாமல் நின்றதற்குக் கூலி. சும்மா இருந்ததற்குக் காசு தருகிற தொழில் இது ஒன்றுதான் என்பார் எங்கள் முதலாளி. சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

எங்கள் ஆபீஸில் புதிதாக ஒரு பையன் சேர்ந்திருக்கிறான். பி.காம்., சூட்டிகையான பையன். டீ குடிக்கப் போன இடத்தில் ஒரு கேள்வி கேட்டான். டீக்கடைக்கு எதிரே பக்கிங்காம் கால்வாய். ஓடுகிறது என்று சொல்லமுடியாது. கிடக்கிறது. கறுப்பாக, ஆகாயத்தாமரையைப் போர்த்திக்கொண்டு.

"ஏன் சார், எதுக்க இவ்ளோ பெரிய கால்வாய் இருக்கு. எண்ணூர் வரைக்கும் நேராப் போவுது. லாரிய வுட்டுட்டு போட்டுல ஏத்துனா ஹால்டிங்கே இருக்காதே? கவர்ன்மென்ட் கொஞ்சம் காசு போட்டா ஆவாதா?"

நியாயமான கேள்வி. 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்று பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். அளக்கிறதுதானே நம் உத்தியோகம்? அளந்து பார்த்தேன்.

முதலில் ஒரு விஷயம். எதிரே கிடக்கிற அந்தக் கறுப்புத் தண்ணீர் லேசுப்பட்டதில்லை. 2008-ல் பார்லிமென்ட் சட்டம் போட்டு 'தேசிய நீர்வழி 4' என்று பட்டம் கொடுத்த தண்ணீர். காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரைக்கும் உள்ள கால்வாய்கள், கழுவெளி ஏரி, கோதாவரியிலும் கிருஷ்ணாவிலும் சில பகுதிகள் எல்லாம் சேர்த்து 1,078 கிலோமீட்டர். அதில் பக்கிங்காம் கால்வாயின் பங்கு மட்டும் 426. பிறகு 2016-ல் இன்னொரு சட்டம் வந்து, நாடு முழுக்கத் தேசிய நீர்வழிகள் 111 ஆயின. டீக்கடைக்காரரிடம், "அண்ணே, உங்க கடை நேஷனல் வாட்டர்வே ஓரத்துல இருக்கு, தெரியுமா?" என்றேன். "காலி பண்ணச் சொல்றாங்களா?" என்றார். அவர் கவலை அவருக்கு.

இதை முதலில் வெட்டியது அரசாங்கமே இல்லை. பேசில் காக்ரேன் என்று ஒரு வெள்ளைக்காரர், கப்பற்படைக்குச் சரக்கு சப்ளை செய்து சம்பாதித்தவர். சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் வெட்டி 1806-ல் முடித்தார். போகிற வருகிற படகிடம் சுங்கம் வாங்கிக்கொள்ள அவருக்கு உரிமை. இன்றைக்கு டோல்கேட்டில் நடப்பதேதான், தண்ணீர்மேல் நடந்தது. (காக்ரேன் அப்புறம் லண்டனுக்குப் போய் நீராவிக் குளியல் நிலையம் நடத்தினார். அதில் வேலை பார்த்த சேக் தீன் முகமது என்ற பாட்னாக்காரர்தான் இங்கிலாந்தில் 'ஷாம்பூ'வைப் பிரபலமாக்கியவர். ஆக, இன்று காலை நீங்கள் தலைக்குப் போட்டதற்கும் எங்கள் சாத்தாங்காட்டுக்கும் தூரத்து உறவு இருக்கிறது.)

1837-ல் கால்வாயை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. வடக்கே பழவேற்காட்டைத் தாண்டி ஆந்திராவுக்குள்ளும், தெற்கே மரக்காணம் பக்கமும் நீட்டிக்கொண்டே போனார்கள். நடுவில் ஊருக்குள்தான் ஓர் ஓட்டை. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே இணைப்பு கிடையாது. அதற்கு 1876-78 தாது வருஷப் பஞ்சம் வரவேண்டியிருந்தது. நிவாரண வேலை என்று ஜனங்களைக் கூட்டி 1877-78-ல் அந்த ஐந்து மைலையும் வெட்டினார்கள். அந்தப் பஞ்சத்தில் நிவாரணக் கூலியை ஒரு கட்டத்தில் நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவுமாக இறக்கினார்கள். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. கூடை கூடையாய் மண் சுமக்கிறவனுக்கு அது! வெட்டியவர்களின் பெயர் ஒன்றும் தெரியாது. கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்தது.

என் தாத்தா சின்ன வயசில் விறகுப் படகில் இருந்தவர். ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் விடுவதற்கு முன்னால் சென்னைக்கு விறகு விட்டுக்கொண்டிருந்தது. ஊரில் பாதி அடுப்பு அதில்தான் எரிந்தது என்பார் தாத்தா. காற்று இருந்தால் பாய். இல்லையென்றால் மூங்கில் கழி. அதுவும் ஆகாதென்றால் கரையில் இறங்கித் தோளில் கயிறு மாட்டி இழுக்கவேண்டியது. "காத்து வந்தா நாங்க மொதலாளி. காத்து இல்லேன்னா நாங்கதான் மாடு." பேசின் பிரிட்ஜ் என்று ரயிலில் போகும்போது பார்க்கிறீர்களே, அந்தப் பேசின் இந்தப் படகுகள் வந்து நின்ற நீர்த்துறைதான்.

தாத்தா கதையில் கணக்குப்பிள்ளைக்கு வேண்டிய சமாசாரம் ஒன்று இருக்கிறது. விறகை வெட்டுகிற இடம் கரையில். விற்கிற விறகுத்தொட்டியும் கரையில். ஓர் ஏற்றுகூலி, ஓர் இறக்குகூலி, அவ்வளவுதான். நடுவில் ஆள் மாறவில்லை, வண்டி மாறவில்லை. தூரமும் கணிசம். போட்டிக்கு இருந்தது மாட்டுவண்டி. இதெல்லாம் சேர்ந்திருந்ததால் ஊருக்கு விறகு மலிவாகக் கிடைத்தது. ஆனால் அந்த மலிவு எந்தக் கணக்குப் புத்தகத்தில் ஏறியது? கால்வாய் இலாகாவின் புத்தகத்தில் சுங்கம் மட்டும்தான் வரவு. வீட்டுக்கு வீடு அடுப்பில் மிச்சமான அரையணாவை யாரும் இலாகாவுக்கு மணியார்டர் செய்யமாட்டார்கள்.

அதுதான் வினை. 1899-ல் சென்னையிலிருந்து பெஜவாடாவுக்கு ரயில் போட்டார்கள், ஏறக்குறையக் கால்வாய்க்கு இணையாகவே. சரக்கு ரயிலுக்குப் போயிற்று. சுங்கம் குறைந்தது. சுங்கம் குறைந்தால் தூர்வாரப் பணம் குறையும். தூர்வாராவிட்டால் படகு தட்டும். படகு தட்டினால் சரக்கு இன்னும் போகும். பிறகு லாரி வந்தது. 1965-66 புயல்களும் 1976 புயலும் கரைகளை உடைத்து மதகுகளைக் கெடுத்தன. தண்ணீர் ரோடு தார் ரோடு மாதிரி இல்லை. தார் ரோட்டைப் பத்து வருஷம் கவனிக்காமல் விட்டால் குண்டும் குழியுமாகும், திட்டிக்கொண்டே போய்விடலாம். கால்வாயைப் பத்து வருஷம் விட்டால் குழி மூடிக்கொள்ளும்! வெட்டுவதற்கு ஒரு தரம் பணம் கொடுக்க எல்லா அரசாங்கத்துக்கும் ஆசை உண்டு. கல்வெட்டு வைக்கலாம், பெயர் போடலாம். வருஷா வருஷம் சேறு வாருவதற்குக் கல்வெட்டு கிடையாது.

நீர்வழிக்காக மன்றாடிய வெள்ளைக்காரரும் ஒருவர் இருந்தார். கோதாவரியில் தவளேஸ்வரம் அணை கட்டிய ஆர்தர் காட்டன். 'ரயிலில் கொட்டுகிற பணத்தைக் கால்வாயில் போடுங்கள், பாசனத்துக்கும் ஆகும், படகுக்கும் ஆகும்' என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லி, 1878-ல் லண்டன் பார்லிமென்ட் கமிட்டி முன்னாலும் போய் வாதாடினார். ரயில் கட்சி ஜெயித்தது. காட்டன் சொன்னதில் பாதிதான் சரி என்பது என் அபிப்பிராயம். கோதாவரி டெல்டாவில் அது பலித்தது, வயலும் கரையும் ஒரே இடம் என்பதால். எல்லா ஊரிலும் பலிக்காது. ஏன் என்று பையனுக்குச் சொன்ன கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். அதற்குமுன் ஹால்டிங் என்றால் என்ன என்று சரியாகத் தெரியவேண்டும்.

என் மனைவியின் தம்பி டிரெய்லர் டிரைவர். பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் என் பெண்ணுக்குத் திருவொற்றியூரில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்திவைத்துத்தான் குத்தவேண்டும். தாய்மாமன் எங்கே? எம்.எஃப்.எல். பக்கம் கன்டெய்னர் வரிசையில். ஒரு துறைமுகத்தின் வாசலை நோக்கி முந்தாநாள் ராத்திரி நின்ற வரிசை. போன் செய்தால், "மாமா, கோயில் கோபுரம் இங்கேர்ந்தே தெரியுது. வண்டிய வுட்டுட்டு எறங்குனா வரிசை நகர்ந்துரும். பின்னாடி இருக்கறவன் திட்டுவான்" என்கிறான். நல்ல நேரம் பத்தரை வரைக்கும்தான். கடைசியில் குழந்தை, பத்தர், மாமியார், வெற்றிலைத் தட்டு எல்லாவற்றையும் இரண்டு ஆட்டோவில் போட்டுக்கொண்டு போய், டிரெய்லர் கேபினில் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினோம். குழந்தை வீல் என்று கத்தவும், வரிசை நகரவும் சரியாக இருந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். மேளம் வைக்காத குறை தீர்ந்தது.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அவனுக்கு அந்த டிரிப்பில் மூன்று நாள் போயிற்று. பேட்டா ஒரு டிரிப்புக்குத்தான், நாளுக்கு இல்லை. ஹால்டிங் வந்தால் வண்டி ஓனருக்கு. அதைச் சரக்குக்காரர் தலையில் கட்டுவார். அவர் பில்லில் ஏற்றுவார். நீங்கள் வீடு கட்ட வாங்குகிற கம்பியில் அது உட்கார்ந்திருக்கும். எங்கள் ரோட்டில் லாரி நிற்பதற்கு அம்பத்தூரில் வீடு கட்டுகிறவர் காசு கொடுக்கிறார், தெரியாமலே.

ஆகவே பையனின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இப்போது கணக்கு.

அரசாங்கம் அடிக்கடி சொல்கிற எண்கள் இவை. ஒரு குதிரைத்திறன், ரோட்டில் 150 கிலோவை நகர்த்தும். தண்டவாளத்தில் 500 கிலோவை. தண்ணீரில் 4,000 கிலோவை. ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக ரோட்டில் ரூ. 2.50, ரயிலில் ரூ. 1.36, நீர்வழியில் ரூ. 1.06. சில வருஷத்துக்கு முந்தின கணக்கு. டீசலோடு சேர்ந்து எண் ஏறியிருக்கும், வரிசை மாறியிருக்காது. பார்த்தால் நீர்வழிதான் ஜெயம். மேடையில் சொன்னால் கைதட்டல்.

பில் போடுகிறவன் வேறு மாதிரி பார்ப்பான். ரோட்டுக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் டன் ஒன்றுக்குக் கிலோமீட்டருக்கு ரூ. 1.44. எண்ணூரிலிருந்து சாத்தாங்காடு பத்து கிலோமீட்டர் என்று வையுங்கள். டன்னுக்கு மிச்சம் ரூ. 14.40. இருபது டன் காயிலுக்கு ரூ. 288. சரி. கப்பலிலிருந்து இறங்குகிற காயிலைப் படகில் ஏற்றவேண்டும். இங்கே கரையில் இறக்கவேண்டும். அப்புறம் கடைக்குக் கொண்டுவர எப்படியும் ஒரு லாரி வேண்டும். லாரியில் நேராக வந்தால் இல்லாத ஒரு ஏற்றும் ஒரு இறக்கும் கூடுதல். இருபது டன்னைத் தூக்குகிற கிரேன்காரரிடம் போய் 288 ரூபாயை நீட்டிப் பாருங்கள். கொக்கியைக்கூட கீழே இறக்கமாட்டார்.

"அப்ப வேஸ்ட்டா சார்?" என்றான் பையன்.

தூரத்தைக் கூட்டிப் பார் என்றேன். அதே ரூ. 1.44-ஐ 300 கிலோமீட்டரால் பெருக்கு. டன்னுக்கு 432 ரூபாய். இப்போது கிரேன்காரர் பேசுவார். மத்திய அரசுக்கும் இது தெரிந்திருக்கிறது. 2024 டிசம்பரில் 'ஜல்வாஹக்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். கங்கையிலும் பிரம்மபுத்திராவிலும் பராக் ஆற்றிலும் 300 கிலோமீட்டருக்கு மேல் சரக்கு கொண்டுபோனால், ஓட்டுகிற செலவில் 35 சதவீதம் வரை திருப்பித் தருவோம் என்று. 300 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டெல்லியிலும் எவரோ ஒரு பில் போடுகிற ஆசாமி இருக்கிறார்!

நீர்வழிகளில் சரக்கு ஏறியிருப்பது நிஜம். 2013-14-ல் 1.8 கோடி டன், 2024-25-ல் 14.5 கோடி டன். கங்கையில் ஹால்டியா முதல் வாரணாசி வரை ஆழப்படுத்த உலக வங்கிக் கடனோடு 5,369 கோடி ரூபாய்த் திட்டம் போட்டு, 2018 நவம்பரில் வாரணாசிக்குக் கொல்கத்தாவிலிருந்து முதல் கன்டெய்னர் கப்பல் வந்துசேர்ந்தது. ஆனால் 111 நீர்வழியிலும் பங்குபோட்டுச் சரக்கு ஓடவில்லை. சிலவற்றில்தான் ஓட்டம். மீதி எல்லாம் எங்கள் டீக்கடைக்கு எதிரே கிடப்பதைப் போல, சட்டத்தில் மட்டும் ஓடுகின்றன.

"அப்ப நம்ம ஊர்ல கவர்ன்மென்ட் தண்ணியில போட்ட காசு எதுவுமே தேறலையா?"

தேறியிருக்கிறது. அதுவும் இதே எண்ணூரில், கூப்பிடு தூரத்தில். ஆனால் கால்வாயில் இல்லை, கடலில்.

1974-ல் தமிழ்நாடு அரசு 'பூம்புகார் கப்பல் கழகம்' என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகப் படகுக்கு வரிசையில் நின்றிருப்பீர்களே, அந்தப் படகை ஓட்டுகிற அதே கம்பெனிதான். பாறைக்குப் படகு விடுவது அதன் பொழுதுபோக்கு என்று வையுங்கள். நிஜமான வேலை, மின்வாரியத்துக்குக் கரி கொண்டுவருவது. ஒடிசாவில் தால்சேர் சுரங்கம். அங்கிருந்து பாரதீப் துறைமுகம் வரை ரயில். பாரதீப்பிலிருந்து கப்பல். நிலக்கரிக்கென்றே ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனும் அரசுப் பணமும் போட்டு எண்ணூரில் துறைமுகம் கட்டி, 2001 பிப்ரவரியில் வாஜ்பாய் திறந்துவைத்தார். இப்போது காமராஜர் துறைமுகம். கப்பலிலிருந்து கரி கன்வேயர் பெல்ட்டில் ஏறினால் வடசென்னை அனல்மின் நிலையத்துக்குள் போய்த்தான் விழும். நடுவில் லாரி கிடையாது. டிரைவர் கிடையாது. ஹால்டிங் கிடையாது!

அறுபதாயிரம் டன் பிடிக்கிற ஒரு கப்பலை லாரியில் கொண்டுவந்தால் 25 டன் வீதம் 2,400 லாரி. ரயிலில் 4,000 டன் வீதம் 15 முழு ரயில். தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். தாத்தாவின் விறகு ஞாபகம் இருக்கிறதா? ஒரு முனை துறைமுகம், மறுமுனை அடுப்பு. ஒரே வித்தியாசம், அடுப்பு கொஞ்சம் பெரியது: ஆரம்பத்திலேயே 630 மெகாவாட். ராத்திரி உங்கள் வீட்டில் ஃபேன் சுற்றுகிறது. அந்த ஃபேன் காற்று கப்பல் கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கில் வராது. வரவேண்டியதும் இல்லை.

ஆனால் இந்தக் கணக்கிலும் செலவுப் பக்கம் ஒன்று இருக்கிறது. எரித்த கரியின் சாம்பலைக் குழாயில் கரைத்து அனுப்புகிறார்கள். குழாய் ஒழுகி ஒழுகிக் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் சாம்பல் படிந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறால் தடவிப் பிடித்தவர்கள் முழங்காலளவு சேற்றில் நிற்கிறார்கள். அதற்கு முன்னால் ராயபுரத்தில் இதே கதை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கியபோது மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டி சாயங்காலம் சாம்பல் நிறத்தில் வரும். 2011-ல் ஐகோர்ட்டு உத்தரவு போட்டு, நிலக்கரியும் இரும்புத்தாதும் அங்கிருந்து போயின. எங்கே? எண்ணூருக்கு. ராயபுரத்துக்காரர் வேட்டி வெளுத்தது. எண்ணூர்க்காரர் வலை கறுத்தது. நிலக்கரிக் கப்பலால் மின்வாரியத்துக்கு மிச்சமான பணத்தைக் கணக்குப் போடுகிறவர்கள், இறாலையும் ஒரு பத்தியில் எழுதிக் கழிக்கவேண்டும். கழித்தாலும் கப்பல் வழி லாபமாகத்தான் நிற்கும் என்று நினைக்கிறேன். நின்றால், அதில் கொஞ்சம் எடுத்து முகத்துவாரத்தைத் தூர்வாரலாமே? வலைக்காரருக்கும் அது போக்குவரத்து நீர்வழிதான். அவருடைய படகும் படகுதான்.

பையன் விடவில்லை. "கொச்சியில வாட்டர் மெட்ரோ விட்டாங்களே சார். அது கிட்டக்க கிட்டக்கதானே போவுது?"

நல்ல பாயின்ட். 2023 ஏப்ரலில் கொச்சியில் அது ஆரம்பமாயிற்று. மொத்தத் திட்டம் 1,137 கோடி ரூபாய். கேரள அரசின் பணமும் ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிக் கடனும். குறைந்த டிக்கெட் 20 ரூபாய். பத்துத் தீவுகளை ஊரோடு சேர்க்கிற ஏற்பாடு. தூரம் குறைவுதான். பின் எப்படிக் கட்டுப்படியாகிறது? அங்கே சரக்கு மனுஷன். மனுஷன் தானே நடந்துவந்து ஏறி, தானே இறங்கிப் போகிற சரக்கு. கிரேன் வேண்டாம். இறக்குகூலி கேட்கமாட்டான். உள்ளே போய் ஜன்னல் பக்கம்தான் வேண்டும் என்பான், அவ்வளவுதான்.

"அப்ப நம்ம கால்வாயிலயும் ஆளுங்கள ஏத்தலாமே?"

ஏற்றினார்களே! கால்வாயில் பயணிகள் போக்குவரத்துக்கு நம் அரசாங்கங்கள் பணம் போடவில்லை என்று யார் சொன்னது? தாராளமாகப் போட்டன. படகுக்குப் பதிலாக ரயில். பறக்கும் ரயிலில் போயிருப்பீர்கள். 1995-ல் பீச்சிலிருந்து சேப்பாக்கம், 1997-ல் மயிலாப்பூர், 2007-ல் வேளச்சேரி. தனியார் நிலத்தை வாங்கினால் செலவு, வழக்கு. கால்வாய் அரசாங்க நிலம், வழக்குப் போட ஆளில்லை. திருவல்லிக்கேணியிலிருந்து ஜன்னல் வழியாகக் கீழே பாருங்கள். தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கும். பஞ்ச காலத்தில் ஒரு பவுண்டு தானியக் காலத்து ஜனங்கள் கூடை கூடையாய் மண் சுமந்து சேர்த்தார்களே ஐந்து மைல், கூவம் முதல் அடையாறு வரை, சரியாக அந்த ஐந்து மைல்தான். இனிமேல் காக்கிநாடாவிலிருந்து படகில் கிளம்புகிறவர் சேப்பாக்கத்தில் இறங்கி டிக்கெட் எடுக்கவேண்டியதுதான்.

ரயில் வேண்டாம் என்று சொல்லவில்லை. மயிலாப்பூரில் வேலை பார்த்தபோது நானே அதில்தான் போனேன். தூணைக் கரையில் நட்டிருக்கலாம் என்கிறேன். கூவத்திலும் இப்போது அதே மாதிரிதான். துறைமுகத்துக்கு லாரி நிற்காமல் போக மதுரவாயலிலிருந்து இரண்டு அடுக்கு மேம்பாலம். 2009-ல் ஒரு பிரதமர் அடிக்கல், நடுவில் வேலை நின்று, 2022-ல் இன்னொரு பிரதமர் அடிக்கல். 5,800 கோடிக்கு மேல். தூண்கள் ஆற்றோரமாக. இந்த 5,800 கோடியைப் பற்றி ஒருவரும் 'லாபம் வருமா, டோலில் திரும்புமா' என்று முதலில் கேட்கவில்லை. ரோடு என்றால் அது பொதுச்சேவை. ரயில் என்றால் தேசத்தின் நரம்பு. கால்வாய் என்றால் மட்டும் 'வரும்படி எவ்வளவு?' என்று 1899-லிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். லாரி நிற்பதைக் குறைக்கிற பணம் எந்தப் பக்கம் போனாலும் எனக்குச் சம்மதம், என் மச்சினன் காதுகுத்துக்கு வந்தால் சரி. ஆனால் மூன்று பேருக்கும் ஒரே தராசு வையுங்கள்.

ஒரே தராசு வைத்தாலும் சாத்தாங்காட்டுக் காயில் படகில் வராது. பையனுக்கு ஏமாற்றம்தான். ஆனால் இந்தக் கால்வாய் சும்மா இல்லை என்று சொன்னேன். 2004 சுனாமி வந்தபோது கடலோரம் நெடுக அலைத் தண்ணீரை உள்ளே வாங்கிக்கொண்டு, மேற்கே இருந்த ஊர்களைக் காத்தது இதுதான். மழைக்காலத்தில் மணலி, கொருக்குப்பேட்டைத் தண்ணீர் எல்லாம் இதில்தான் வடியவேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில், இதே கால்வாயில் வெகுநாள் கழித்து ஒரு சரக்கு போயிற்று. மணலியில் கிளம்பி, சாத்தாங்காடு தாண்டி, எண்ணூர் முகத்துவாரம் வரை தங்குதடையில்லாமல். படகில்லாமல், சுங்கமில்லாமல். எண்ணெய்! வெள்ளத்தோடு போய் எண்ணூர்க்காரர்களின் படகில், வலையில், வீட்டுச் சுவரில் அப்பிக்கொண்டது. நீர்வழி வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நிரூபணம் வேண்டுமா? வாளியும் முறமுமாக அதை அள்ளியவர்கள் மீனவர்கள். தூர்வாரும் பணத்தை மிச்சம் பிடித்த புத்தகத்தில் அந்த வாளிக் கணக்கு இருக்காது.

டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது கால்வாயில் ஒரு இயந்திரம் நின்றது. தண்ணீரிலும் தரையிலும் போகிற பொக்லைன், மாநகராட்சி எழுத்தோடு. ஆகாயத்தாமரையை வாரி வாரிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தது. பையன் கரைக்குப் போய் ஆபரேட்டரைக் கேட்டான்:

"அண்ணே, இது மெதக்குமா?"

"மெதக்காம பின்ன? இதுவும் ஒரு போட்டுதான் தம்பி."

"எண்ணூர் வரைக்கும் போவுமா?"

"எங்க போறது? இங்க வாரி முடிக்கறதுக்குள்ள அங்க மொளைச்சிருது. அங்க முடிச்சா இங்க மொளைச்சிருது. மழைக்கு முன்னாடி மூணு மாசம் வேலை. அப்புறம் டெண்டர் முடிஞ்சிரும்."

"மீதி ஒம்பது மாசம்?"

"ஷெட்டுல நிக்கும். வாடகை உண்டு, தம்பி. சும்மா நிக்கறதுக்கு."

பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கடைக்குப் போய், நிலுவையில் இருந்த நாலு ஹால்டிங் பில்லை முதலில் எடுத்து வைத்தேன்.